செப்பேட்டுக்கு ஒரு வரிசை, சேரிக்கு ஒரு வரி

எங்க ஊருக்கு ஒரு பெருமை உண்டு. கூரம் என்று பேர் சொன்னால் போதும். சரித்திரம் படித்தவர்கள் 'ஓ, கூரம் செப்பேடா!' என்பார்கள். வைணவர்கள் கூரத்தாழ்வானை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் பிறந்த தெருவுக்குச் செப்பேடும் இல்லை, ஆழ்வானும் இல்லை. ஊருக்கு வெளியே, ஊர்ப் பேரையே இரவல் வாங்கிக்கொண்டு இருக்கிற தெரு அது.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருநாள் செப்பேட்டைப் பற்றிச் சொன்னார். ஏழாம் நூற்றாண்டு. முதலாம் பரமேசுவரவர்மன் என்கிற பல்லவ ராசா. கோயிலுக்கும் வேதம் படித்தவர்களுக்கும் ஒரு ஊரையே எழுதிக் கொடுத்தான். பாலாற்றிலிருந்து கால்வாய் வந்தது, ஏரி வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆயாவிடம் கேட்டேன்: "அப்போ நாம எங்க ஆயா இருந்தோம்?" ஆயா புளி கரைத்துக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தாமல் சொன்னது: "எங்க இருந்தோம்னா? இங்கதான். ஏரி வெட்டுனவன் ஏரிய உட்டுட்டு எங்கடா போவான்?"

வாத்தியார் சொன்னதற்கு அச்சடித்த புத்தகம் சாட்சி. ஆயா சொன்னதற்குச் சாட்சி இல்லை. பல்கலைக்கழகம் என்பது அறிவின் கோயில் என்கிறார்கள். எனக்கென்னவோ அது சாட்சிகளைப் பதிவு செய்கிற ஆபீசாகத்தான் தெரிகிறது. எந்தச் சாட்சியை அச்சிடுவது, எதைக் கட்டி மூலையில் போடுவது என்று அங்கேதான் முடிவாகிறது. நம் பக்கத்துப் பல்கலைக்கழகமான சென்னைப் பல்கலைக்கழகம் அச்சிட்ட புத்தகங்களின் கதையைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் இது விளங்கும். அந்தக் கதையை ஒரு வங்கிக் குமாஸ்தாவாகத்தான் என்னால் சொல்ல முடியும். ஏனென்றால் என் பிழைப்பே காகிதம்தான்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் என் கவுண்டருக்கு ஒரு பெரியவர் வந்தார். பக்கத்து ஊர்க் காலனி. எழுபது வயசிருக்கும். கறவை மாட்டுக்கு லோன் வேண்டும், பேரன் பார்த்துக்கொள்வான் என்றார். ஆதாரமாக மஞ்சப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மடித்து மடித்து நாலாகக் கிழிந்துபோன பழைய ரிஜிஸ்டர் நகல். அதில் ஒரு சர்வே எண்ணுக்கு எதிரே 'டி.சி.' என்று இரண்டெழுத்து. "எங்க தாத்தாவுக்கு வெள்ளக்காரன் குடுத்த நெலம் தம்பி இது. பட்டா மட்டும் அவங்க பேர்ல கீது" என்றார். 'அவங்க' யாரென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கே, சிட்டா யார் பேரில் என்று நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பெரியவர் காகிதத்தை மறுபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த 'டி.சி.' என்கிற இரண்டெழுத்து எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இரண்டு ஆண்டுகள் என் கண்ணில் பட்டன. 1890, 1892.

1890ல் கூரம் செப்பேடு அச்சேறியது. ஹூல்ச் என்கிற ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் அதைப் படித்து, மொழிபெயர்த்து வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1891ல், அதே செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லை, குடியிருக்கிற குடிசை மண்கூட மிராசுதாருக்குச் சொந்தம் என்கிறார்கள், வாயைத் திறந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி மிரட்டுகிறார்கள் என்று கலெக்டரே எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30ல் வருவாய்த்துறை அரசாணை எண் 1010 வந்தது. தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்டோருக்குக் கொடுக்க வழி செய்தது. அதுதான் பஞ்சமி நிலம். 'டி.சி.' என்றால் 'டிப்ரஸ்டு கிளாஸ்'. வேறு சாதியார் அந்த நிலத்தை வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. சென்னை மாகாணத்தில் இப்படி 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

ஆக, ஒரே ஜில்லா. இரண்டு ஆண்டு இடைவெளி. இரண்டு நிலப் பட்டயங்கள் அச்சுக்கு வந்திருக்கின்றன. ஒன்று, ஏழாம் நூற்றாண்டில் ராசா பார்ப்பனருக்கும் கோயிலுக்கும் கொடுத்தது. இன்னொன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் நமக்குக் கொடுத்தது. இந்த இரண்டில் எதைப் பல்கலைக்கழகம் கையில் எடுத்தது?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் தொடங்கியது. ரொம்ப காலத்துக்கு அதற்குப் பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதும்தான் வேலை. ஆராய்ச்சி, புத்தகம் என்றெல்லாம் பெரிதாகப் பேச்சில்லை. 1914ல் இந்திய வரலாறு, தொல்லியல் என்று ஒரு பேராசிரியர் பதவி வந்தது. எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார் அதில் அமர்ந்தார். 1919ல் விஜயநகர வரலாற்றுக்கான ஆதாரங்களைத் தொகுத்து அவர் கொடுத்த புத்தகத்தோடு பல்கலைக்கழகத்தின் வரலாற்று வரிசை ஆரம்பமாகிறது. இரண்டாவதாக வந்த மதுரை நாயக்கர் வரலாறு 1924ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சின் முத்திரையோடுதான் வந்தது. சொந்த முத்திரையில் கடை போடுகிற தெம்பு அப்போது இல்லைபோல. அவ்வளவு சின்னப் பதிப்பகம்தான். ஆனால் சின்னப் பதிப்பகம் செய்கிற காரியம் சின்னதாக இருக்கவேண்டும் என்று இல்லையே.

1928ல் ஆர். கோபாலனின் காஞ்சிப் பல்லவர் வரலாறு வந்தது. எங்க ஊர்ச் செப்பேடு பல்கலைக்கழகப் புத்தகத்துக்குள் மரியாதையாகக் குடியேறியது. 1929ல் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி பேராசிரியரானார். 1932ல் அவருடைய சோழர் ஆட்சிமுறை ஆய்வுகள். அதில் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு நல்ல இடம். 1935லும் 1937லும் 'சோழர்கள்' இரண்டு பாகம். 1938ல் சி. மீனாட்சியின் பல்லவர் கால ஆட்சியும் சமூக வாழ்வும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர். புத்தகம் வந்து இரண்டு வருஷத்தில், 1940ல், இளம் வயதிலேயே இறந்துபோனார். இன்னொரு பக்கம் தமிழ்ப் பேரகராதி: 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், பிறகு ஓர் இணைப்பு, லட்சத்துக்கு மேல் சொற்கள். கவிதை எழுத உட்காரும்போது இன்றைக்கும் நான் அதைத்தான் புரட்டுகிறேன். நன்றி கெட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை. உழைப்பு உழைப்புதான்.

ஆனால் அந்த வரலாற்று வரிசையை மொத்தமாகப் பார்த்தால் என்ன தெரிகிறது? அது செப்பேட்டின் கண்ணால் நாட்டைப் பார்க்கிறது. செப்பேடு எதைச் சொன்னதோ அது வரலாறு. எதைச் சொல்லவில்லையோ அது நடக்கவே இல்லை. கூரம் செப்பேட்டில் கொடுத்த ஊரை 25 பங்காக்குகிறான் ராசா. பெரும்பங்கு நான்மறை ஓதியவர்களுக்கு. கோயிலுக்குக் கொஞ்சம். மண்டபத்தில் பாரதம் வாசிக்கிறவனுக்குக்கூட ஒரு பங்கு. சளுக்கிய ராசா விக்கிரமாதித்தன் தோற்று, மேலே ஒரு கந்தலைச் சுற்றிக்கொண்டு ஓடினான் என்று அந்தச் செப்பேடு பெருமையடிக்கிறது. ஒரே ஒருநாள் ஒரு ராசா கட்டிய கந்தலுக்குச் செம்பில் இடம் கிடைத்தது. அதை ஆராயப் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்தது. ஆயிரம் வருஷமாகக் கந்தல் கட்டியவர்களுக்கு இரண்டிலும் இடமில்லை.

உத்திரமேரூர்க் கதையும் அதுதான். கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தகன் கல்வெட்டுகள். குடவோலை, வாரியம், தேர்தல். மேடைக்கு மேடை ஜனநாயகத்தின் தொட்டில் என்கிறார்கள். தொட்டிலில் படுக்க யாருக்கு அனுமதி என்று அந்தக் கல்வெட்டே பச்சையாகச் சொல்கிறது. வரி கட்டுகிற சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். சேரக்கூடாதவரோடு சேர்ந்து பதிதனானவன் பிராயச்சித்தம் செய்யும்வரை கூடாது. இதையெல்லாம் சாஸ்திரி மறைக்கவில்லை, அச்சிட்டிருக்கிறார். ஆனால் தகுதிப் பட்டியலைத் திருப்பிப் பிடித்தால் தகுதியற்றவர்களின் ஊர் ஒன்று தெரியுமே, அந்த ஊருக்கு எந்தப் பாகமும் வரவில்லை. ராசராசனின் தஞ்சைக் கல்வெட்டிலும் அப்படித்தான். வரி இல்லாத நிலங்களைக் கணக்குச் சொல்லும்போது தீண்டாச்சேரி, பறைச்சேரி என்று சொல்லிக்கொண்டு போகிறது. வரி இல்லாததால் ஒரு வரி கிடைத்தது நமக்கு.

இது வரலாற்று வரிசை. இதோடு நிறுத்தியிருந்தால் 'பார்ப்பனப் பல்கலைக்கழகம், பார்ப்பன அச்சு' என்று ஒரு வாக்கியத்தில் கட்டுரையை முடித்துக்கொண்டு நானும் தூங்கப் போயிருப்பேன். ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு அறையும் இருந்தது.

1915ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்கிற ஆங்கிலேயர் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். பாடம் நடத்த அவருக்குப் புத்தகம் போதவில்லை. மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, ஊருக்குப் போய் ஊரை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாரிடம்? கூலி என்ன? கடன் எவ்வளவு? வட்டி எவ்வளவு? இப்படி 1916ல் எடுத்த கணக்குகள் 1918ல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற புத்தகமாக வந்தன. பல்கலைக்கழகத்தின் பொருளாதார வரிசையில் முதல் புத்தகம் அது. அதில் ஒரு ஊர் தூசி. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றைத் தாண்டினால் வருகிற அதே தூசிதான். இன்னொரு ஊர் இப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிற இருவேல்பட்டு. அந்த ஊரைப் பற்றிய பகுதியில் படியாள் வருகிறான். கல்யாணத்துக்குக் கடன் வாங்கிவிட்டு, அதற்காகப் பண்ணையில் கட்டுண்டு, செத்தபிறகு அந்தக் கடனைப் பிள்ளை தலையில் வைத்துவிட்டுப் போகிற படியாள். எங்க தாத்தாவைப் பற்றிப் பல்கலைக்கழகம் அச்சடித்த முதல் பக்கங்கள் அவைதான் என்று எனக்குப் பட்டது.

அந்தப் புத்தகத்தை நான் படித்தபோது அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இருபது வயசுப் பையன்கள் ஒரு விடுமுறையில் போய்க் கேட்டு எழுதிய விஷயம் அது. பேராசிரியர்கள் ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டைத் தேடித் தேடிப் படித்த காலத்தில், கண்ணெதிரே இருந்த சேரியைப் பார்க்க அந்தப் பையன்களுக்கு ஒரு கேள்வித்தாள்தான் தேவைப்பட்டிருக்கிறது. குறையும் உண்டு. அந்தக் காலத்தில் கல்லூரிக்குப் போனவன் எந்தத் தெருக்காரன் என்பது நமக்குத் தெரியும். அவன் ஊருக்குள்ளிருந்து சேரியைப் பார்த்தான். சேரியிலிருந்து ஊரைப் பார்க்க அங்கே ஆளில்லை. படியாளின் கடன் எத்தனை ரூபாய் என்பது புத்தகத்தில் வந்தது. படியாள் என்ன நினைத்தான் என்பது வரவில்லை.

1936–37ல் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களைத் திரும்பப் போய்ப் பார்க்க வைத்தார்கள். 1940ல் மறு ஆய்வுப் புத்தகத்தைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இருவேல்பட்டுக்கு 1981லும் 2008லும் ஆய்வாளர்கள் மறுபடி போனார்கள். பண்ணையின் பிடி தளர்ந்தது, படியாள் முறை போனது என்பதையெல்லாம் இன்றைக்கு ஆதாரத்தோடு சொல்ல முடிகிறதென்றால் அதற்கு 1916ல் ஒரு மாணவன் எழுதிவைத்த கணக்குதான் அடிப்படை. நூறு வருஷத்துக்குப் பிறகும் பேசுகிற சாட்சி அது. பல்கலைக்கழக அச்சின் பலம் இதுதான் தோழர்களே. அதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சரி, அந்த இரண்டாவது பட்டயம்? டிரமென்ஹீர் அறிக்கையும் 1010 ஆணையும்? செப்பேடு கிடைத்தால் வரலாற்று வரிசை, கூலிக் கணக்கு கிடைத்தால் பொருளாதார வரிசை. நமக்கு நிலம் கொடுத்த காகிதத்துக்கு மட்டும் எந்த வரிசையிலும் நாற்காலி போடவில்லை. அது ஆவணக் காப்பகத்தில் தூங்கியது. இந்தப் பக்கம் நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1980களில் யூ.டி.ஆர். சர்வே வந்து புதிய பதிவேடு எழுதியபோது 'டி.சி.' என்கிற குறிப்பே பல ஊர்களில் காணாமல் போனது என்கிறார்கள் நில மீட்பில் அலைகிற தோழர்கள். காகிதத்தைத் தட்டி எழுப்பியது பல்கலைக்கழகம் அல்ல, இயக்கம். 1990களில் அந்த ஆணையைத் தேடியெடுத்து, ஜெராக்ஸ் போட்டு, கையிலிருந்து கைக்குக் கொடுத்தார்கள். காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். ஒரு அரசாணைக்கு நாம் எழுதிய அடிக்குறிப்பு அது. ரத்தத்தால் எழுதினோம்.

2014ல் ரூபா விஸ்வநாத் எழுதிய 'பறையர் பிரச்சினை' என்கிற ஆங்கில நூல் வந்தது. செங்கல்பட்டுச் சேரியின் மனைக்கட்டுப் பிரச்சினையும் டிரமென்ஹீரின் அறிக்கையும் அதில் விரிவாக ஆராயப்படுகின்றன. வெளியிட்டது யார் தெரியுமா? நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழக அச்சகம். பாபாசாகேப் படித்த அதே கொலம்பியா. நல்ல காரியம், மகிழ்ச்சி. ஆனால் சேப்பாக்கத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே இருக்கிற தூரம் ஒரு ரயில் டிக்கெட். அந்த தூரத்தைக் கடக்க ஒரு அறிக்கை நியூயார்க்கைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது பாருங்கள்.

'பல்கலைக்கழகம் நமக்கு எதற்கு? நமக்கென்று அச்சு இருந்ததே' என்று கேட்கிற தோழர்கள் உண்டு. இருந்தது, உண்மை. இதே செங்கல்பட்டு மண்ணில், மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893ல் 'பறையன்' என்று பேர் வைத்தே பத்திரிகை நடத்தினார். 1900 வரை நடந்தது. 1907ல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். ஒரு வருஷத்தில் 'தமிழன்' ஆனது. 1914ல் அவர் இறக்கும்வரை வாரம் தவறாமல் பௌத்தம், வரலாறு, மருத்துவம், அரசியல், இலக்கணம் என்று எழுதிக் குவித்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் ஜனங்கள் அந்த எழுத்தைத் தாங்கிப் பிடித்தார்கள். சாம்பியன் ரீப்ஸில் சித்தார்த்தா புத்தகசாலை வைத்துப் பண்டிதர் நூல்களை வெளியிட்டார்கள். பல்கலைக்கழகம் வரலாற்று வரிசையைத் தொடங்குவதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே பண்டிதர் 'இந்தச் சரித்திரத்தை யார் எழுதியது?' என்று கேட்டுவிட்டார்.

அப்புறம் என்ன ஆச்சு? பண்டிதர் செத்து எண்பத்தைந்து வருஷம் அவர் எழுத்து முழுசாகத் தொகுக்கப்படவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் இதழ்களைக் கட்டிக் காப்பாற்றாமல் இருந்திருந்தால் அது செல்லரித்தே போயிருக்கும். 1999ல்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இரண்டு தொகுதிகளாக வந்தது. 2003ல் மூன்றாவது. இதைப் போட்டது பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அல்ல. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியில் இருக்கிற நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். ஒரு கல்லூரியின் ஒரு மையம், அவ்வளவுதான்.

அந்தத் தொகுதிகள் வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். ராஜ் கௌதமன் 2004ல் அயோத்திதாசர் ஆய்வுகள் எழுதினார். தருமராஜ் எழுதினார். ஸ்டாலின் ராஜாங்கம் எழுதிக்கொண்டே இருக்கிறார். 1990களில் ராஜதுரையும் கீதாவும் பழைய தாள்களைத் தேடிப் பிடித்து எழுதிய விஷயத்தை இன்றைக்கு ஒரு எம்.ஏ. மாணவி நூலகத்தில் உட்கார்ந்து பக்க எண்ணோடு மேற்கோள் காட்டுகிறாள். பக்க எண் என்பது சாதாரண விஷயமா? பக்க எண் இருந்தால் அது ஆதாரம். இல்லாவிட்டால் 'உங்க ஆளுங்க ஏதோ சொல்லிக்கிறாங்க' என்று தள்ளிவிடுவார்கள். ஆயா சொன்னதற்கும் வாத்தியார் சொன்னதற்கும் இருந்த வித்தியாசம் அந்தப் பக்க எண்தான்.

அதனால் என் கருத்து இது. சிறுபத்திரிகை வேண்டும். அது நம் குரல். எவனிடமும் அனுமதி கேட்காமல் இன்றைக்கு நடந்ததை நாளைக்கே எழுத அது வேண்டும். ஆனால் சிறுபத்திரிகை நாலு இதழில் நின்றுபோகும், ஆசிரியருக்கு வேலை மாறுதல் வந்தால் நின்றுபோகும். என் வீட்டுப் பரணில் அப்படி நின்றுபோனவை ஒரு சாக்கு மூட்டை கெடக்கு. பல்கலைக்கழக அச்சு நிற்காது. சோம்பலாக நடக்கும், தப்பாக நடக்கும், ஆனால் நூலகத்தில் எண் போட்டு நிற்கும். அது நம் வரிப்பணத்திலும் நடக்கிறது. தீப்பெட்டி வாங்கும்போது நாமும்தான் வரி கட்டுகிறோம். செப்பேட்டுக் காலத்தில் சொன்னதுபோல நம் சேரி இன்றைக்கு வரி நீங்கிய நிலம் அல்ல. பிறகு ஏன் அந்த அச்சில் நமக்குப் பங்கில்லை?

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு, நியாயமானதுதான். பல்கலைக்கழகத்துக்குள் போனால் நம்மை ஆய்வுப்பொருள் ஆக்கிவிடுவார்கள், ஸ்லேட்டரின் மாணவர்கள் படியாளை எழுதியதுபோல நம்மை வெளியிலிருந்து எழுதுவார்கள் என்கிறார்கள். அது நடக்கும், நடந்துகொண்டும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அன்றைக்குக் கேள்வித்தாளைப் பிடித்த கையில் சேரிக்காரன் இல்லை. இன்றைக்கு அந்தக் கையே நம்முடையது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக எத்தனை தம்பி தங்கைகள் எம்.பில்., பி.எச்டி. என்று ஆய்வேடு எழுதியிருக்கிறார்கள்! மூன்று காப்பி பைண்டு செய்து ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்தில் பேர் போட்டு, துறைக்கு ஒன்று, வழிகாட்டிக்கு ஒன்று, வீட்டு அலமாரிக்கு ஒன்று. அதோடு அதன் ஆயுள் முடிந்தது. கரையான் மட்டும்தான் படிக்கிறது.

தஞ்சாவூரில் 1981ல் தமிழுக்கென்றே பல்கலைக்கழகம் வந்தது. அங்கே அச்சான புத்தகங்களைத் திருப்பிப் பாருங்கள், 'தமிழ்ப் பல்கலைக்கழக மறுதோன்றி அச்சகம்' என்று இருக்கும். ஆப்செட்டுக்கு அவர்கள் வைத்த தமிழ்ப் பேர் மறுதோன்றி. எனக்கு ரொம்பப் பிடித்த சொல். மறுபடி தோன்றுவது. கவிஞன் என்கிற முறையில் கேட்கிறேன்: செம்பிலும் கல்லிலும் ஒருமுறை தோன்றியவர்களேதான் காகிதத்திலும் மறுதோன்ற வேண்டுமா? ஒருமுறைகூடத் தோன்றாதவர்களின் முறை எப்போது?

கேட்டுக்கொண்டே இருந்தால் கிடைக்காது. மாணவத் தோழர்களுக்குச் சொல்ல எனக்கு மூன்று விஷயம் உண்டு.

முதலாவது, ஸ்லேட்டரின் வேலையை நாம் கையில் எடுப்போம், அதே ஊர்களுக்கும் நம் ஊர்களுக்கும் போவோம். ஆனால் கேள்விகள் நம்முடையவை. பழைய ஏ-ரிஜிஸ்டரில் 'டி.சி.' எத்தனை? இன்றைய பட்டா யார் பேரில்? கை மாறியது எந்த ஆண்டு, எந்தக் கடனுக்கு, எந்தக் கல்யாணத்துக்கு? ஏரியில் மீன் குத்தகை யாருக்கு? சுடுகாட்டுக்குப் பாதை எந்த வழி? கெழவிகள் உசிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். என் ஆயா போய்ச் சேர்ந்துவிட்டது. ஏரி வெட்டிய கதையைக் கேட்டு எழுதாமல் விட்ட குற்றவாளி நான்.

இரண்டாவது, எழுதியதை நாலு பேர் சேர்ந்து படித்து, பிழை திருத்தி, சான்று சரிபார்த்துத் தயார் செய்ய வேண்டும். நம் கோபத்துக்கு யாரும் விலக்குத் தரமாட்டார்கள். ஒரு சர்வே எண் தப்பாக இருந்தால் முழுப் புத்தகத்தையும் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். குமாஸ்தா சொல்கிறேன், கேளுங்கள். எண் முக்கியம்.

மூன்றாவது, அதை எடுத்துக்கொண்டு போய்ப் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்ட வேண்டும். 'வரலாற்று வரிசை போட்டீர்கள், பொருளாதார வரிசை போட்டீர்கள், இப்போது பஞ்சமி நில வரிசை போடுங்கள். டிரமென்ஹீர் அறிக்கையைத் தமிழில் முதல் தொகுதியாகப் போடுங்கள்' என்று கேட்க வேண்டும். தமிழில் என்பது முக்கியம். அந்த வரலாற்று வரிசை நம் ஊரைப் பற்றி இங்கிலீஷில்தான் பேசியது. செப்பேட்டுக்காரன்கூட நிலக்கணக்கு வந்த இடத்தில் சமஸ்கிருதத்தை விட்டுத் தமிழுக்கு இறங்கிவந்தான். நிலத்தில் நிற்கிறவனுக்குப் புரிய வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மறுத்தால் மறுக்கட்டும். மறுத்தார்கள் என்பதையும் தேதியோடு இதே பக்கங்களில் எழுதுவோம். ஒரு கல்லூரி மையத்தால் பண்டிதரைத் திரும்பக் கொண்டுவர முடிந்ததென்றால், இருபது மாணவர்கள் சேர்ந்தால் ஒரு தாலுகாவின் நிலத்தைக் காகிதத்திலாவது திரும்பக் கொண்டுவர முடியாதா? காகிதத்தில் வந்தால்தான் கோர்ட்டுக்கு வரும். கோர்ட்டுக்கு வந்தால்தான் நிலத்துக்கு வரும்.

அந்தப் பெரியவர் மறுபடி பேங்குக்கு வரவில்லை. அவர் ஊர் எனக்குத் தெரியும், இந்த ஞாயிற்றுக்கிழமை போகப்போகிறேன். லோனைப் பற்றிப் பேச என் கையில் எதுவும் இல்லை. அந்த மஞ்சப்பையில் இருக்கிற காகிதத்தை, கிழிசல் முழுசாகப் பிரியும் முன்னால், ஒரு வரி விடாமல் படி எடுத்துக்கொண்டு வரப்போகிறேன். கூட வருகிறவர்கள் வரலாம். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.